எழுத்துப் பரீட்சைக்குப் போகாமல் விட்டால்

1977க்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த நம்மவரில் சிலர் மன்னார் மாவட்டத்திலும் குடியேறினார்கள். நானாட்டான் பக்கத்தில் வயல் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இன்று பெரிய ஆசை, சாரதி அனுமதிப்பத்திரம்.

கட்டுக்கரைக் குளத்து வயல்களில் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். மிசின் ஓடத் தெரிந்தவனுக்கு அப்போது நல்ல சம்பளம். எழுத்துப் பரீட்சைத் திகதியும் அந்த நாளில் வந்து விழுந்தால், "பிறகு பார்ப்பம்" என்று யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

தம்பிமாரே, கணக்குப் பாருங்கள். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, பயிலுநர் அனுமதிப்பத்திரம் எடுத்து, மூன்று மாதம் போனால்தான் ஓடிக் காட்டும் பரீட்சை. புதுத் திகதிக்குக் காத்திருக்கும் காலத்தையும் இதோடு கூட்டுங்கள். ஒரு நாள் சம்பளத்தைப் பார்க்கப் போய் அடுத்த போகமும் லைசன்ஸ் இல்லாமலே போய்விடும். அதுவரை களவாக ஓடி, விபத்து நடந்தால் வழக்கு; காப்புறுதியும் கைகொடுக்காது.

பிரித்தானியாவில் மூன்று முழு வேலை நாட்களுக்கு முன் சொன்னால் திகதியை மாற்றலாம். சொல்லாமல் விட்டால் கட்டிய 23 பவுண் திரும்பாது. அங்கேயும் அப்படித்தான்!

போக முடியாதென்று தெரிந்த உடனே, பற்றுச்சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு மன்னார் மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவச் சான்றிதழின் திகதியையும் பாருங்கள், அது ஆறு மாதம்தான் செல்லும். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம்: 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். மத்தியானம் வயலுக்குத் திரும்பிவிடலாம், பஸ் கிடைத்தால்.