ஊர்தி வீடும் கதிரவன் மின்சாரமும்: அளவு காணும் முறை

ஊர்தியையே வீடாக்கி ஊர்தோறும் சென்று தங்கும் வழக்கம் மேனாட்டாருக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருந்தோம். பரமத்திவேலூரைச் சார்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019-ஆம் ஆண்டில் மூன்று சக்கர ஆட்டோ ஒன்றின்மீது 'சோலோ 01' என்னும் சிறுவீட்டை அமைத்து அவ்வெண்ணத்தை மாற்றினார். ஏறத்தாழ ஓர் இலட்ச ரூபாய்ச் செலவு. 36 சதுர அடிப் பரப்பு. அதற்குள் படுக்கை, சமையலிடம், குளியலறை, 250 லிட்டர் நீர்த்தொட்டி, 600 வாட் சூரியத் தகடு ஆகியன அடங்கின. அவ்வீட்டைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. 600 வாட் என்னும் அவ்வெண் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்று காண்பதே நோக்கம்.

முதற்கண் சொற்களைத் தெளிதல் வேண்டும். 'எத்தனை வாட் பேட்டரி?' என்று கடைத்தெருவில் கேட்பார் பலர். கேள்வியே பிழையுடையது. வாட் என்பது திறன். வாட்-மணி என்பது ஆற்றல். நம் பகுதியினர் வீராணம் ஏரியைக் கண்டவர்கள். மதகின் வழியே நொடிதோறும் பாயும் நீர் திறனை ஒக்கும். ஏரியுள் நிற்கும் நீர் ஆற்றலை ஒக்கும். மதகின் அளவைச் சொல்லி ஏரியின் கொள்ளளவை எவரும் அறிதல் இயலாது. 5 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. 1000 வாட்-மணி சேர்ந்ததே மின்கட்டண அட்டையில் நாம் காணும் ஒரு யூனிட். பேட்டரியின்மீது 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றிருப்பின் இரண்டையும் பெருக்குக. 1200 வாட்-மணி கிடைக்கும்.

நெய்வேலி நம் வாயிலில் இருக்க இக்கணக்கு எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். 1956-இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி நிறுவனம் பல மாநிலங்களுக்கு மின்சாரம் தருவது உண்மையே. எனினும் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபின், கம்பங்கள் சாய்ந்த ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. அனல்மின் நிலையம் அருகிருந்தும் கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. தன் கூரையிலேயே மின்சாரம் ஆக்கும் சிறு ஊர்தி ஒன்று தெருவில் நின்றிருப்பின், அந்நாள்களில் அது எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும்!

விருத்தாசலத்துப் பீங்கான் அகல்விளக்குகளை ஏற்றிக்கொண்டு ஊரூராகச் சென்று விற்று, இரவில் ஊர்தியிலேயே தங்கும் வணிகர் ஒருவரைக் கற்பனை செய்வோம். ஊர்தி, மக்கள் 'சின்ன யானை' என வழங்கும் சிறு சரக்கு வண்டி. அவருக்கு 9 வாட் விளக்கு இரண்டு, 5 மணி நேரம்: 90 வாட்-மணி. 12 வோல்ட்டில் ஓடும் 15 வாட் விசிறி, 10 மணி நேரம்: 150. கைப்பேசிகளுக்கு 30. கூட்டினால் 270, கம்பியிலும் பேட்டரியிலும் நேரும் இழப்பையும் சேர்த்து 300 எனக் கொள்க.

அவர் வாணிகம் மிகுவது கார்த்திகைத் திங்களில். நம் பகுதியில் வானம் மூடி மழை பொழிவதும் அப்பொழுதே. ஆகவே கதிரே காணாத இரண்டு நாள்களுக்கு 600 வாட்-மணி சேமிப்பு வேண்டும். ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும். எனவே 1200 வாட்-மணி, அதாவது மேற்சொன்ன 100 ஆம்பியர்-மணிப் பேட்டரியே தேவை. எடை ஏறத்தாழ 30 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாமாதலின் 60 ஆம்பியர்-மணியே போதும். எடை 8 கிலோ அளவில் அடங்கும். விலை மிகுதிதான். ஆயினும் சுமை ஏற்றிப் பிழைப்பவருக்கு 20 கிலோ என்பதும் காசே.

இனித் தகடு. நண்பகல் முழு வெயிலுக்கு ஈடாக நாள் முழுதும் எத்தனை மணி கிடைக்கிறது என்பதே கணக்கு. தமிழகத்தில் ஆண்டுச் சராசரி 5 முதல் 5.5 மணி; மழைக்காலத்தில் 4 மணிக்கு இறங்கும். கூரையில் கிடையாகக் கிடக்கும் தகடு சூட்டாலும் தூசியாலும் பிறவற்றாலும் முப்பது விழுக்காடு இழக்கும் எனக் கொள்ளலாம். வெயிலில் காய்வதால் தகட்டின் திறன் கூடும் என்று எண்ணற்க. வெளிச்சம் அதற்கு உணவு, வெப்பமோ பகை. 100 வாட் தகடு சித்திரையில் 385 வாட்-மணி தரும், வாங்கியவர் மகிழ்வார். கார்த்திகையில் அதுவே 280 தரும்; அன்றாடத் தேவைக்கே போதாது. 200 வாட் இருப்பின் 560 கிடைக்கும். அன்றைய செலவு போக 260 மிஞ்சும். வற்றிய பேட்டரி ஏறத்தாழ இரண்டரை நாளில் நிரம்பும். கோடையில் கணக்கிட்டு மழையில் ஏமாறுவோரே மிகுதி.

ஆசையைப் பெருக்கினால் என்னாகும்? சிறு குளிர்பெட்டி நாளொன்றுக்கு 540 வாட்-மணி கேட்கும். பேட்டரி, தகடு இரண்டும் ஏறத்தாழ மும்மடங்காகும். குளிர்சாதனம் ஓரிரவில் 5 யூனிட் இழுத்தால் 1800 வாட் தகடு வேண்டும். இக்காலத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் அளவே தரும். அங்ஙனமாயின் 9 சதுர மீட்டர், அதாவது 97 சதுர அடி. சின்ன யானையின் சரக்குத்தளமோ ஏறத்தாழ 33 சதுர அடி. அருண் பிரபுவின் 36 சதுர அடிக்கு 600 வாட் என்பதும் கூரை தாங்கும் எல்லையை ஒட்டியதே என்பது இப்பொழுது விளங்கும். நகரும் வீட்டில் கூரையே வரம்பு; விருப்பம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

நம் நாட்டிற்கே உரிய இடர் ஒன்றுண்டு. வண்டியை நிறுத்த வேப்பமரத்தையோ புளியமரத்தையோ தேடுவது நம் இயல்பு. தகட்டின் ஒரு மூலையில் விழும் கிளை நிழலும் அதன் மின்சாரத்தைப் பெருமளவு குறைத்துவிடும். இரண்டு தகடுகளுள் ஒன்றைக் கழற்றக்கூடியதாக அமைத்து, பத்து மீட்டர் கம்பியுடன் வெயிலில் விரித்துவிட்டு வண்டியை நிழலில் நிறுத்துவது நன்று. கம்பி தடித்ததாக இருத்தல் வேண்டும். 12 வோல்ட்டில் 200 வாட் என்பது 17 ஆம்பியர் அளவு மின்னோட்டம். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் அமைக்க வேண்டும். பேட்டரியை எஞ்சின் சூட்டிற்கு எட்டாத இடத்தில், காற்றோட்டமாக வைத்து, வண்டியின் குலுக்கலுக்கு நகராதவாறு பட்டையிட்டு இறுக்க வேண்டும்.