ஐம்பது அடிப் படச்சுருள்: இந்தியத் திரைத் தொழிலின் தொடக்கமும் அது தரும் பாடமும்

இந்தியத் திரைப்படத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் 1913ஆம் ஆண்டிலிருந்தே எழுதப்படுகிறது. அவ்வாண்டு மே 3ஆம் நாள் பம்பாய் கொரோனேஷன் அரங்கில் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியாயிற்று. ஆயின், அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகளில் ஒரு நிமிட அளவிலும் சில நிமிட அளவிலும் அமைந்த பேசாப்படங்கள் நாட்டின் நகரங்களிலும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் காட்டப்பெற்று வந்தன. இத்தொழிலுக்கு வேண்டிய இயந்திரமும் தொழில்நுட்பப் பழக்கமும் இந்நாட்டிற்கு அறிமுகமானது இச்சிறு படங்களின் வாயிலாகவே. கட்டணம் செலுத்திப் படம் பார்க்கும் மக்கள் கூட்டத்தை உருவாக்கியவையும் இவையே. இவற்றின் பொருளாதாரத்தையும், இந்தியச் சிறு படங்கள் ஏறக்குறைய முழுமையாக அழிந்துபோனதன் காரணங்களையும் ஆராய்வது, பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் பொறுப்புடைய துறையினருக்குப் பயன்தரும்.

ஒரு நிமிடம் என்ற அளவு எவ்வாறு வந்தது?

படங்கள் குறுகியிருந்தமைக்குக் கலை நோக்கம் காரணமன்று; இயந்திரத்தின் கொள்ளளவே காரணம். பிரான்சு நாட்டின் லூமியேர் சகோதரர்கள் 1895இல் உருவாக்கிய ‘சினிமாட்டோகிராப்’ கருவியில் ஏறத்தாழ 17 மீட்டர், அதாவது ஐம்பது அடிக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள படச்சுருளே அடங்கும். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளின் ஓர் அடியில் சுமார் 16 படக்கட்டங்கள் இடம்பெறும். கைப்பிடியைச் சுழற்றி இயக்குபவர் வினாடிக்குச் சுமார் 16 கட்டங்களை ஓடவிடுவார். ஆகவே ஓர் அடி ஒரு வினாடியாகவும், ஐம்பது அடி ஏறத்தாழ ஐம்பது வினாடியாகவும் அமைந்தன. படத்தின் விலையை அடிக்கணக்கில் நிர்ணயிக்கும் வழக்கமும் இந்த எளிய கணக்கோடு இயல்பாகப் பொருந்தியது.

இக்கருவிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. படம் பிடித்தல், படி எடுத்தல், திரையில் காட்டுதல் ஆகிய மூன்று பணிகளையும் ஒரே பெட்டி செய்தது. அமெரிக்காவில் எடிசனின் கூடத்தில் உருவான படப்பிடிப்புக் கருவி கனமானது, மின்விசையால் இயங்குவது. அதில் எடுத்த படத்தை ‘கினிடோஸ்கோப்’ என்னும் பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒருவரே எட்டிப் பார்க்க முடியும். லூமியேர் கருவியோ ஒருவர் கையில் எடுத்துச் செல்லத்தக்கது. ஒரே திரையீட்டில் ஓர் அரங்கமே பார்க்கத்தக்கது. முதலீட்டின் அளவு குறைந்து பார்வையாளர் எண்ணிக்கை பெருகும்போது தலைக்கு ஆகும் செலவு வீழ்ச்சியடையும் என்ற பொருளாதார விதிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. பாரிஸ் நகரின் கிராண்ட் கபேயில் 1895 டிசம்பர் 28ஆம் நாள் கட்டணக் காட்சி தொடங்கியது. ஏழு மாதங்கள் முடிவதற்குள் அக்கருவி இந்தியாவை வந்தடைந்துவிட்டது.

பம்பாயில் முதற்காட்சி

1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாய் வாட்சன் ஓட்டலில் ஆறு சிறு படங்கள் காட்டப்பெற்றன. லூமியேர் நிறுவனத்தின் பிரதிநிதியான மாரியுஸ் செஸ்தியே ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் இக்காட்சியை நடத்தினார். நிலையத்திற்குள் புகைவண்டி வருவது, தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறுவது, சுவரொன்றை இடிப்பது, கடலில் நீராடுவது போன்ற அன்றாட நிகழ்ச்சிகளே படங்களின் பொருள்.

நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது சில நாள் உழைப்பின் ஊதியம். எனவே முதற்காட்சி வசதி படைத்தோருக்கும் ஐரோப்பியருக்கும் உரியதாக இருந்தது. ஆனால், ஒரு வாரத்திற்குள் காட்சிகள் நாவல்டி அரங்கிற்கு மாற்றப்பட்டபோது நான்கு அணா முதல் இரண்டு ரூபாய் வரை பலதரக் கட்டணங்கள் ஏற்படுத்தப்பட்டன. கோஷா முறையைப் பின்பற்றும் பெண்களுக்குத் தனி இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. கட்டணத்தைப் படிப்படியாக வகுத்து எல்லா வருவாய்ப் பிரிவினரையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் முறை இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றியது. பிற்காலத் திரையரங்குகளில் தரை முதல் மாடி வரை நிலவிய கட்டண வரிசைக்கு இதுவே முன்மாதிரி எனலாம்.

இந்தியர் கையில் கருவி

அயல்நாட்டுப் படங்களைக் கண்ட இந்தியர் சிலர் விரைவிலேயே தாமே படம் எடுக்க முற்பட்டனர். மராட்டிய ஒளிப்படக் கலைஞர் ஹரிச்சந்திர சகாராம் பாட்வடேகர் இங்கிலாந்திலிருந்து படக்கருவியை வரவழைத்து, 1899இல் பம்பாய் தொங்கும் தோட்டத்தில் நடந்த மற்போரைப் படமாக்கினார். குரங்குகளைப் பழக்குபவர் ஒருவரைப் பற்றியது அவருடைய அடுத்த படம். கணிதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் உயர்ந்த சிறப்பைப் பெற்ற ஆர். பி. பராஞ்சபே 1901 டிசம்பரில் தாயகம் திரும்பியபோது அளிக்கப்பட்ட வரவேற்பையும் அவர் படம் பிடித்தார். இந்தியாவின் முதற் செய்திப்படமாக இதனைக் குறிப்பிடுவது மரபு.

கல்கத்தாவில் ஹீராலால் சென் 1898இல் ராயல் பயாஸ்கோப் கம்பெனியைத் தொடங்கினார். கிளாசிக் தியேட்டரில் நடந்த நாடகங்களின் காட்சிகளைப் படமாக்கி, நாடக நிகழ்ச்சியோடு சேர்த்துக் காட்டினார். கூந்தல் தைலம் ஒன்றிற்கு விளம்பரப் படமும் எடுத்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 செப்டம்பரில் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய மக்கள் திரளை அவருடைய கருவி பதிவு செய்தது. நாடகம், வணிக விளம்பரம், அரசியல் நிகழ்ச்சி ஆகிய மூன்றும் திரைக்கு உரியவை என்பதை உணர்ந்து செயற்பட்ட அவர் இத்துறையின் முன்னோடிகளுள் முதன்மையானவர்.

எனினும் மூலப்பொருளுக்கு இந்நாடு முழுமையாக அயல்நாட்டையே சார்ந்திருந்தது. கருவி, கச்சாப் படச்சுருள், இரசாயனப் பொருள் ஆகிய அனைத்தும் கப்பலில் வந்தன. பாட்வடேகரின் முதற்படம் கழுவுவதற்காகவே லண்டனுக்கு அனுப்பப்பட்டது. படச்சுருள் உற்பத்திக்கென உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது 1960இலேதான் என்பதை நோக்கின், இச்சார்பு எத்துணை நீண்ட காலம் நிலவியது என்பது புலனாகும்.

விற்பனையிலிருந்து வாடகைக்கு

தொடக்க காலத்தில் படச்சுருள்கள் வாடகைக்கு விடப்படவில்லை, விற்கப்பட்டன. படத்தை வாங்கியவர் அதன் முழு உரிமையாளர். ஓர் ஊரில் சில நாட்கள் காட்டிய பின்னர் அப்படங்களைப் பார்க்க அவ்வூரில் எவரும் எஞ்சியிருக்கமாட்டார். புதிய படம் வாங்குவதைவிடப் புதிய ஊருக்குச் செல்வதே செலவு குறைந்த வழி. ஆகவே காட்சியாளர் கூடாரத்தையும் கருவியையும் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். சுற்றுப்பயணக் கொட்டகைகள் தோன்றியமைக்கு இந்த விற்பனை முறை முக்கியக் காரணமாகும்.

ஜே. எப். மதன் 1902இல் கல்கத்தா மைதானத்தில் கூடாரமிட்டுப் படம் காட்டத் தொடங்கினார். திருச்சிராப்பள்ளியில் புகைவண்டித் துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர்தோறும் காட்சிகள் நடத்தினார். மின்சாரம் எட்டாத ஊர்களுக்கும் திரைக்காட்சி சென்றது இத்தகையோரின் முயற்சியால்தான்.

பிரான்சின் பாத்தே நிறுவனம் 1907இல் படங்களை விற்பதைக் கைவிட்டு வாடகைக்கு விடும் முறையை மேற்கொண்டது. இம்முறை பரவியதும் நிலைமை தலைகீழாயிற்று. இப்போது பயணம் செய்ய வேண்டியது படமே. காட்சியாளர் ஓரிடத்தில் நிலைத்திருந்து வாரந்தோறும் புதிய படத்தைப் பெறலாம். நிலையான அரங்குகளில் முதலீடு செய்வது இதனால் இலாபகரமாயிற்று. மதன் கல்கத்தாவில் எல்பின்ஸ்டன் பிக்சர் பாலஸை நிறுவியதும் 1907இலேதான். விநியோகம் தனித் தொழிலாகப் பிரிந்தது. படங்களின் நீளமும் வளர்ந்தது. ஒரு நிமிடப் படம் மெல்ல மறைந்தது.

சிறுபடம் ஈட்டிய மூலதனம்

பெரும் படத்திற்கு வழிவகுத்ததும் ஒரு சிறுபடமே. 1912இல் லண்டன் சென்று கருவி வாங்கித் திரும்பிய பால்கேயிடம் முழுநீளப் படம் எடுக்கப் போதிய பணம் இல்லை. அறிமுகமற்ற தொழிலுக்குக் கடன் கொடுக்க முன்வருவார் எவருமில்லை. அவர் பட்டாணி விதையொன்றைத் தொட்டியில் ஊன்றி, அது முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். பல நாள் வளர்ச்சி ஒரு சில கணங்களில் திரையில் நிகழ்வதைக் கண்டோர் வியந்தனர், கடனும் கிடைத்தது. இன்றைய திட்ட மொழியில் கூறின் அது ஒரு முன்னோடித் திட்டம். குறைந்த செலவில் செயல்முறையை மெய்ப்பித்துக் காட்டி, அதன் வலிமையில் பெரு முதலீட்டைப் பெறும் முறைக்கு இந்தியத் தொழில் வரலாற்றில் இதுவொரு சிறந்த சான்று.

எஞ்சியவை எவை?

இச்சிறு படங்களில் இன்று நம்மிடம் உள்ளவை எவை என்று கேட்டால் கிடைக்கும் விடை வருத்தம் தருவதாகும். பாட்வடேகரின் மற்போர்ப் படம் இல்லை. ஹீராலால் சென்னின் படங்கள் 1917இல் ஏற்பட்ட தீவிபத்தில் எரிந்தொழிந்தன; அவரும் அவ்வாண்டே காலமானார். வங்கப் பிரிவினைக்கு எதிராக எழுந்த மக்களின் அசையும் உருவங்களை இனி எவரும் காணமுடியாது. பின்னர் வந்த முழுநீளப் பேசாப்படங்களின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. 1913 முதல் 1934 வரை ஆயிரத்திற்கும் மிகுதியான பேசாப்படங்கள் தயாராயின. முழுமையாகவோ பகுதியாகவோ எஞ்சியவை அவற்றில் மிகச் சிறு பங்கே.

அழிவுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மூலப்பொருளின் இயல்பு. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்தது. எளிதில் தீப்பற்றக் கூடியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் தானே சிதைந்து பொடியாவது. இரண்டாவது, சந்தையின் இயல்பு. காட்டி முடித்த படத்திற்கு வருவாய் இல்லை. பாதுகாக்கச் செலவு உண்டு. அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்தால் உடனடிப் பணம் உண்டு. தனி உரிமையாளர் தம் நலன் நோக்கி எடுத்த முடிவு சமுதாயத்திற்குப் பேரிழப்பாயிற்று. மூன்றாவது, நிருவாக ஏற்பாடு இன்மை.

மூன்றாவது காரணமே அலுவலர்கள் கருதத்தக்கது. அமெரிக்காவில் பதிப்புரிமை பெற விரும்பியோர், திரைப்படத்திற்கெனத் தனிச் சட்டவிதி இல்லாத நிலையில், படத்தைத் தாளில் ஒளிப்படங்களாக அச்சிட்டு அரசு நூலகத்தில் ஒப்படைத்தனர். 1894இல் எடிசன் கூடத்து ஊழியர் ஒருவர் தும்முவதைக் காட்டும் சில வினாடிப் படம் இவ்வாறு பதிவு பெற்றது. 1912 வரை தொடர்ந்த இவ்வழக்கத்தால் சுமார் மூவாயிரம் படங்கள், மூலச்சுருள் அழிந்த பின்னரும், தாள் வடிவில் பிழைத்தன. பின்னர் அவை மீண்டும் படச்சுருளாக மாற்றப்பட்டன. அவ்விதியை வகுத்தவர் எவரும் கலைப் பாதுகாப்பை எண்ணிப் பார்த்தவரல்லர். ஓர் அலுவலகப் பதிவு நடைமுறை ஒரு கலையின் குழந்தைப் பருவத்தையே காத்துவிட்டது.

இந்தியாவில் அச்சு நூல்களின் படிகளை அரசிடம் அளிக்க 1867ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. திரைப்படத்திற்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. 1918ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராப் சட்டம் அரங்குகளுக்கு உரிமம் வழங்குவதிலும் படங்களைத் தணிக்கை செய்வதிலுமே கருத்துச் செலுத்தியது. தி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கையும் சாட்சியத் தொகுதிகளும் அச்சேறியமையால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அக்குழுவின் முன் பேசப்பட்ட படங்களில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை.

பிற்கால முயற்சிகள்

விடுதலைக்குப் பின் 1964இல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. தொழில் தோன்றி அறுபத்தெட்டு ஆண்டுகள் கடந்த பின் தொடங்கிய தேடல் அது. எனினும் அதன் முதல் காப்பாளர்களுள் ஒருவரான பி. கே. நாயரின் அயரா உழைப்பால், பால்கேயின் படங்களில் எஞ்சிய சுருள்கள் திரட்டப்பட்டன. 2003இல் புணேயில் நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. சேகரிப்பது மட்டும் போதாது, ஏற்ற சேமிப்பும் படியெடுத்தலும் உடனிகழ வேண்டும் என்பதை அது உணர்த்திற்று. பின்னர் தேசியத் திரைப்பட மரபுரிமை இயக்கம் தொடங்கப்பட்டுப் பழம்படங்களைச் செப்பனிடும் பணியும் எண்முறைப் பதிவும் மேற்கொள்ளப்பட்டன. லூமியேர் நிறுவனப் படங்களோ பெருமளவில் பேணப்பட்டு, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

முடிவாக

ஐம்பது வினாடிப் படங்களின் வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, குறைந்த மூலதனமும் எளிய கருவியும் கிடைக்குமாயின், அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை மிகக் குறுகிய காலத்தில் தமதாக்கிக் கொள்ளும் ஆற்றல் இந்நாட்டுச் சிறு முயற்சியாளரிடம் எப்போதும் இருந்துள்ளது. இரண்டாவது, ஒரு பொருள் மதிப்புடையது என்று சமுதாயம் உணர்வதற்குள் அது அழிந்துவிடக் கூடும். அந்த இடைவெளியை நிரப்ப வல்லது சந்தையன்று, நிருவாக விதியே. இன்று கைப்பேசிகளில் நாள்தோறும் எண்ணற்ற ஒரு நிமிடப் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் எவை வருங்காலத்திற்கு வேண்டுபவை என்று இன்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. மற்போரையும் கரையிறங்கும் மாணவரையும் படம் பிடித்தபோதும் எவரும் அறிந்திருக்கவில்லை. எனவே தேர்ந்தெடுத்த ஒரு பகுதியையேனும் முறையாகப் பெற்று, பெயரும் நாளும் இடமும் குறித்து வைக்கும் ஏற்பாட்டை மாவட்ட ஆவணக் காப்பகங்கள் முதல் தேசிய நிறுவனங்கள் வரை வகுத்துக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு சிறிது. செய்யாது விட்டால் நேரும் இழப்பை எப்பொருள் கொடுத்தும் ஈடுசெய்ய இயலாது.