சுவாதியின் நிறமும் பட்டறை இரும்பும்

“எங்க ஏரியாவுல நட்சத்திரமே தெரியாது சார்” என்று இராயபுரம், எண்ணூர்ப் பிள்ளைகள் சொல்வதில் பாதி உண்மை. துறைமுக விளக்குகளும் ஆலை வெளிச்சமும் மங்கலான விண்மீன்களை மறைத்துவிடுகின்றன. சுவாதியை மறைக்க முடியாது. இரவு வானில் ஒளிமிகுந்த விண்மீன்களுள் அது நான்காவது.

ஜூன் நடுவில், மேகமில்லாத நாளில், இரவு எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது சுவாதி. பார்வையைத் தெற்கே இறக்கினால் நீலம் கலந்த வெண்மையில் சித்திரை. இரண்டுமே பஞ்சாங்கம் வழியாக வீட்டில் கேட்ட பெயர்கள்தாம்.

மறுநாள் வகுப்பில் ஒரே கேள்வி: இரண்டில் எது அதிக வெப்பமானது? பெரும்பாலோர் சுவாதி என்பார்கள். குழாயில் சிவப்பு என்றால் வெந்நீர், நீலம் என்றால் குளிர்ந்த நீர் என்று பழகிய கண். உடனே திருத்த வேண்டாம். பட்டறையில் இரும்பு காய்வதைப் பார்த்த பிள்ளை இப்பகுதி வகுப்புகளில் அநேகமாக இருப்பார். அவரைப் பேச விடுங்கள். முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், சூடு ஏற ஏற வெண்மை. விண்மீனுக்கும் அதே வரிசை. மேற்பரப்பு வெப்பநிலை சுவாதிக்கு ஏறத்தாழ 4,300 கெல்வின், சூரியனுக்கு 5,800, சித்திரைக்கு 20,000-க்கும் மேல்.

தெருவிலுள்ள சோடியம் விளக்கும் ஆரஞ்சுதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அது சூட்டின் நிறமன்று; சோடிய ஆவிக்கே உரிய நிறம்.

சூரியனைவிடக் குளிர்ந்த சுவாதி, 37 ஒளியாண்டு தொலைவிலிருந்தும் இப்படி ஒளிர்வது அதன் பருமனால். விட்டம் சூரியனைப்போல் சுமார் 25 மடங்கு. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் உட்கரு சுருங்க, வெளியடுக்கு உப்பிக் குளிர்ந்தது. சூரியனும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் இப்படித்தான் உப்பும்.