பழைய சொகுசு கார்: இன்ஜினைப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய பி.எம்.டபிள்யூ, ஆடி கார்கள் இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கே கிடைக்கின்றன. வாங்கப் போகிறவரின் காதில் புரோக்கரும் நண்பர்களும் ஆளுக்கொன்று ஓதுவார்கள். ஏமாந்தால் போவது பல வருடச் சேமிப்பு.

நம்பிக்கை: பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும், டைமிங் செயின் ஆயுளுக்கும் உழைக்கும்.

உண்மை: பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். 2007இல் வந்த இந்த 2 லிட்டர் இன்ஜின் 320டி, 520டி, எக்ஸ்1 கார்களில் இருந்தது. பெரும்பாலான இன்ஜின்களில் செயின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகளும் தேய்ந்து, ஒருநாள் செயின் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும். இன்ஜின் அத்தோடு சரி. முன்கூட்டியே மாற்றிவிடலாம்தான். ஆனால் செயினைத் தொடுவதற்கே கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலிதான் கையைக் கடிக்கும். 2011க்கு முந்தைய வண்டிகளில் புகார் அதிகம்.

நம்பிக்கை: ஒரு ரவுண்டு ஓட்டினால் தெரிந்துவிடும்.

உண்மை: சூடேறிய இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். காலையில், வண்டியை யாரும் எடுப்பதற்கு முன் போங்கள். முதலில் பானெட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் பானெட்டைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை ஏற்றட்டும். என்47இல் செயின் பின்பக்கம் இருப்பதால், நீங்கள் விண்ட்ஷீல்டு பக்கம் காதைக் கொடுங்கள். டீசலின் வழக்கமான தடதடப்புக்கு நடுவே உலோகம் உரசுகிற சரசரப்பு தனியாகக் கேட்டால், மெக்கானிக் பார்க்கும்வரை விலை பேச வேண்டாம்.

நம்பிக்கை: குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டிதான் நல்ல வண்டி.

உண்மை: ஓடோமீட்டரைக் குறைத்துக் காட்டும் வேலை ஊரறிந்தது. எண் உண்மையாகவே இருந்தாலும், ஆயில் மாற்றாமல் வருடக்கணக்கில் நின்ற வண்டியின் செயினுக்கும் டர்போவுக்கும் அது நல்லதல்ல. ஒழுங்காக ஆயில் மாற்றிய பில்களோடு 1,20,000 கி.மீ. ஓடிய வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன், பில்லே இல்லாத 50,000 கி.மீ. வண்டியை அல்ல.

நம்பிக்கை: ஜெர்மன் கார் ஆயில் குடிக்கும், அது சகஜம்.

உண்மை: ஓரளவு குறையலாம். அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் அது கோளாறு. 2009–2011 ஆடி ஏ4 காரின் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் இன்ஜின் இதனால்தான் கெட்ட பெயர் எடுத்தது. அமெரிக்காவில் வழக்கு வரை போனது. பெரிதும் பிஸ்டன் ரிங்குகளே காரணம்.

நம்பிக்கை: குறை தெரிந்த இன்ஜின் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

உண்மை: பழைய போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களின் இன்ஜினுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ். (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அது உடைந்தால் இன்ஜின் காலி என்ற பயம் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்க வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, ஒற்றை வரிசை பேரிங் பழுதானது சுமார் 8 விழுக்காடு. அதற்கு முந்தைய இரட்டை வரிசை பேரிங்கில் 1 விழுக்காட்டுக்கும் கீழ். பெயரைக் கேட்டதும் ஓடாமல் ஆண்டையும் பாகத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குறை தெரிந்திருப்பது வாங்குபவருக்கு அனுகூலம்கூட: எங்கே பார்க்க வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், எவ்வளவு விலை குறைக்கச் சொல்லலாம் என்பதெல்லாம் கைவசம் இருக்கும்.

ஆகவே, செயின் மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால், அந்த வண்டியின் சேசிஸ் எண் போட்ட பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். உங்கள் மெக்கானிக் வண்டியைப் பார்க்க அவர் சம்மதிக்காவிட்டால், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.