அடிக்காதீங்க, ஊதி விடுங்க!



மழைக்காலத்தில் ராத்திரி விளக்கைத் தேடி ஒரு சின்னப் பூச்சி வீட்டுக்குள் வரும். பார்க்க எறும்பு மாதிரி இருக்கும். நீளம் 1 செ.மீ. கூட இருக்காது. தலையும் வால் நுனியும் கறுப்பு, உடம்பு ஆரஞ்சு, நடுவில் நீலப்பட்டை.

இது கடிக்காது, கொட்டாது. மேலே ஊரும்போது பட்டென்று அடித்து நசுக்குகிறோமே, அப்போதுதான் அதன் உடம்பிலுள்ள 'பெடரின்' என்ற நஞ்சு தோலில் படுகிறது. உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்து, கோடு இழுத்த மாதிரி சிவந்து எரியும், கொப்புளம் போடும்.

இதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதுகிறோம். ஆனால் அக்கி கிருமியால் வருவது. இது நஞ்சு பட்ட புண். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. பிள்ளையை ஒதுக்கிப் படுக்க வைக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பூச்சி மேலே ஏறினால் ஊதி விடுவோம். இல்லையென்றால் காகிதத்தில் ஏற்றி வெளியே விடுவோம்.
2. நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டு நிறைய தண்ணீரில் கழுவுவோம். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.
3. படுக்கும் முன் பாயை உதறி, விளக்கை அணைத்து, கொசுவலை கட்டுவோம்.
4. கொப்புளத்தைக் கிள்ள வேண்டாம். கண் வீங்கினாலோ சீழ் வைத்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம்.

பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் ஆறிவிடும். கறுப்புத் தழும்பு கொஞ்ச நாள் இருக்கும்.

இன்னொன்று: வயலில் இதே பூச்சி நெல்லைக் கெடுக்கும் புகையானைத் தின்கிறது. அங்கே அது நமக்குத் துணை. அதனால் இதற்கென்று மருந்து அடிக்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்வோமா?