முதலில் செவி, பிறகு நாவு

குடும்ப வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: மாற்கு 7:31–37; யாத்திராகமம் 4:10–16

இந்தப் பாடத்தைத் தொடங்குமுன் நான் ஒன்றை அறிக்கை செய்ய வேண்டியவனாயிருக்கிறேன். இதில் வரும் பிள்ளையின் தகப்பனும் தாயும் "எழுதுங்க பாஸ்டர், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்று சொன்னபடியால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் சபை கிறிஸ்துமஸ் விழாவில் நாலு வயதுப் பையன் ஒருவன் மனப்பாட வசனம் சொல்ல மேடை ஏறினான். புதுச் சட்டை, தலை நிறைய எண்ணெய். வீட்டில் அம்மாவிடம் இருபது தரம் ஒப்பித்த வசனம்தான். மைக்கைப் பார்த்தவுடன் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. "க... க... க..." கண்ணை இறுக்கி மூடுகிறான், காலால் தரையை உதைக்கிறான், சத்தம் வெளியே வரவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள். கெட்ட மனசோடு அல்ல, குழந்தை என்றுதான் சிரித்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "பயப்படாத, மெதுவா, மூச்சு விட்டுச் சொல்லுப்பா" என்று மூன்று தரம் சொன்னேன். உற்சாகப்படுத்துகிறதாக எனக்கு நினைப்பு! அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர், அந்தப் பையனை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, தலையில் கையை வைத்து, ஊமையான ஆவியைச் சத்தமாய்க் கடிந்துகொண்டார். பிள்ளை நடுங்கிப்போனான். நானும் "ஆமென்" சொல்லிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு நாள் கழித்து அந்தச் சகோதரி வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் என்னிடமும் சொன்னாள்: "பாஸ்டர், ராத்திரி படுக்கும்போது 'அம்மா, எனக்குள்ள பேய் இருக்காம்மா?'ன்னு கேக்கிறான். நான் என்னன்னு சொல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடு வேதத்தைத் திறந்ததில்தான் இந்தப் பாடம் கிடைத்தது.

ஆண்டவர் அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போனார்

மாற்கு 7-ல் ஒரு மனுஷனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவனுக்குக் காதும் கேளாது, பேச்சும் சரியாய் வராது. நம்முடைய தமிழ் வேதத்தில் அவனுக்குக் "கொன்னைவாய்" என்ற பழைய சொல் போட்டிருக்கிறது. கிரேக்கத்தில் இருக்கிற வார்த்தைக்குப் பிரயாசத்தோடே பேசுகிறவன் என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டில் அந்த வார்த்தை வருவது இந்த ஒரே இடத்தில்தான்.

பிரியமானவர்களே, ஆண்டவர் செய்ததைக் கவனியுங்கள். கூட்டத்தை விட்டு அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். நானோ அந்தச் சிறுவனைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அடுத்தது, அவர் முதலில் தொட்டது நாவை அல்ல, காதை! செவி திறந்த பிறகு நாவின் கட்டு அவிழ்ந்தது என்ற வரிசையில் 35-ம் வசனம் இருக்கிறது. இன்னொன்று, இந்தச் சம்பவத்தில் பிசாசு என்ற பேச்சே இல்லை. 9-ம் அதிகாரத்தில் வருகிற பையன் வேறே. அவன் கீழே விழுந்து நுரை தள்ளினான், அங்கே ஆண்டவர் ஆவியைக் கடிந்துகொண்டார். இங்கே அப்படிச் செய்யவில்லை. பேச்சு வராத எல்லாரையும் அவர் ஒரே கணக்கில் சேர்க்கவில்லை என்றால், நாம் சேர்க்கலாமா?

நான் சுகமளிக்கும் தேவனை விசுவாசிக்கிறவன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நாலு வயதுப் பிள்ளைக்குத் தனக்குள்ளே பேய் இருக்கிறது என்ற பயத்தைக் கொடுக்கிற ஜெபத்தை நான் இப்போது யாருக்கும் செய்வதில்லை, என் பிரசங்க பீடத்தில் செய்ய யாரையும் விடுவதும் இல்லை. பிள்ளை தூங்கின பிறகு கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு ஜெபியுங்கள். அது போதும்.

காதைப் பாருங்கள்

பேச்சில் வரும் குறை ஒரே விதமானதல்ல. பேசவே தாமதிக்கும் பிள்ளை உண்டு. பேசியும் வெளியாருக்குப் புரியாத பிள்ளை உண்டு. பேச்சு நன்றாய் வந்தபிறகு திக்கும் பிள்ளை உண்டு. முதல் இரண்டிலும் ஆண்டவர் தொட்ட இடத்தில்தான் வைத்தியரும் தொடங்குகிறார்: காது கேட்கிறதா? கதவு சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று சொல்லாதீர்கள். பெரிய சத்தம் கேட்டும், பேச்சின் நுட்பமான சத்தங்கள் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். தூங்குகிற குழந்தைக்கும் பெரா என்ற சோதனை செய்து பார்க்க முடியும், வலி கிடையாது.

பொதுவாய் ஒரு வயதையொட்டி அர்த்தமுள்ள ஒரு சொல்லாவது வரும். இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பான். மூன்று வயதில் அயலார் அவன் பேச்சை ஏறக்குறைய புரிந்துகொள்ள வேண்டும். இவை பிந்தினால், "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு காத்திராதீர்கள். பாட்டி சொல்வது உண்மையாயிருந்தாலும் சோதனை செய்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

எங்கள் பையனுக்குக் காது நன்றாய்க் கேட்டது. அவனுக்கு இருந்தது திக்கல். பெரும்பாலும் இது இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவே ஆரம்பிக்கும். நேற்றுவரை கடகடவென்று பேசின பிள்ளை இன்று "அ-அ-அம்மா" என்பான், அல்லது "அம்ம்ம்மா" என்று இழுப்பான், அல்லது வாய் திறந்தபடி சத்தமே வராமல் நிற்பான். நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்காவது ஒரு காலத்தில் இது வருகிறது. அவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குப் பேருக்குத் தானாகவோ பயிற்சியினாலோ விட்டுப்போகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் நிற்கிறது. ஆண்பிள்ளைகளிடம் நிற்பது அதிகம், குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இன்னும் அதிகம்.

யார் செய்த பாவம்?

அந்தச் சகோதரியை மாமியார் கேட்ட கேள்வி இது: "நீ வேலைக்குப் போனதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு." பக்கத்து வீட்டில் "பயந்திருப்பான்" என்றார்கள். சபையிலே ஒருவர் "ஏதாவது அறிக்கை செய்யாத பாவம்..." என்று இழுத்தார். யோவான் 9-ல் சீஷர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆண்டவர் அவன் பாவமும் இல்லை, பெற்றோர் பாவமும் இல்லை என்று ஒரே பேச்சில் அதை அடைத்துப்போட்டார்.

இன்றைக்கு வைத்தியமும் அதையேதான் சொல்லுகிறது. பேச்சின் நேரத்தையும் அசைவையும் ஒழுங்குபடுத்துகிற மூளையின் பகுதிகள் சற்று வித்தியாசமாய் வேலை செய்வதால் திக்கல் வருகிறது. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பயத்தினால் வருவதல்ல, இன்னொருவனைப் பார்த்துப் பழகுவதும் அல்ல, தாய் வேலைக்குப் போனதால் வருவதும் அல்ல. நாக்கு தடித்ததும் காரணமல்ல. ஆகவே நாக்கில் வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வது, நாக்குக்கு அடியில் வெட்டிவிட்டால் சரியாகும் என்று அலைவது எல்லாம் வீண். சின்னப் பிள்ளை வாயில் கூழாங்கல் போட்டால் தொண்டையில் சிக்கும், அது தெரியாதா நமக்கு?

பெரியவர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தைக்குத் திக்கலை உண்டாக்கும் வல்லமை இல்லை. ஆனால் வேறொன்றைச் செய்ய வல்லமை உண்டு. 1939-ல் அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டேவன்போர்ட்டில் ஒரு அநாதை இல்லத்தில் ஒரு சோதனை நடந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் வென்டல் ஜான்சன் என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார், அவரே திக்கிப் பேசுகிறவர். பெற்றோர் குறை கண்டுபிடித்துப் பேர் வைப்பதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவர் எண்ணம். அவருடைய மாணவி மேரி ட்யூடர் அங்கே 22 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அதில் நன்றாய்ப் பேசின சிலரிடமும் "உனக்குத் திக்கல் ஆரம்பித்துவிட்டது, சரியாய்ப் பேச முடியாவிட்டால் பேசாதே" என்கிற விதமாய்ச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைகள் திக்குவாயராகவில்லை. ஆனால் வாய் திறக்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிப்போனார்கள், சிலர் வாழ்நாள் முழுக்க. 2001-ல் ஒரு பத்திரிகை இதை வெளிக்கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அந்த மாகாணம் ஆறு பேர் தொடுத்த வழக்கில் 9,25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் அப்போது கிழவர்களும் கிழவிகளுமாயிருந்தார்கள். மேடையில் வாயைப் பொத்தின அந்தக் கையை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

வேகத்தைக் குறைக்க வேண்டியது யார்?

யாக்கோபு 1:19 நமக்குத் தெரிந்த வசனம்தான். கேட்பதிலே வேகம், பேசுவதிலே பொறுமை. நாம் இதைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்! "மெதுவாப் பேசு" என்கிறோம். மெதுவாய்ப் பேச வேண்டியது நாம்.

மைசூரிலே படித்து வந்த ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் அந்தப் பெற்றோர் போனார்கள். அவர் முதல் மாதம் பிள்ளைக்கு அல்ல, தகப்பனுக்கும் தாய்க்கும்தான் பாடம் எடுத்தார். பிள்ளை பேசும்போது கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். திக்கும்போது வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. "திரும்பச் சொல்லு" என்று சொல்லக் கூடாது. அவன் முடித்த பிறகு ஒன்று இரண்டு எண்ணி நிதானமாய்ப் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னான் என்பதற்கு அல்ல, என்ன சொன்னான் என்பதற்குப் பதில். கேள்வியாய்க் கேட்டுத் தள்ளாமல், "நீ யானை வரைஞ்சிருக்கியே" என்று சும்மா பேச்சுக் கொடுக்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழாமல் முறை வைக்க வேண்டும். தினமும் ஐந்து நிமிஷம் அவனோடு மாத்திரம் உட்கார வேண்டும், போன் இல்லாமல்.

தகப்பனுக்குத்தான் கஷ்டமாயிருந்தது. லாரி ஷெட்டில் வேலை செய்கிறவர், சத்தமாய் வேகமாய்ப் பேசியே பழக்கம். "பாஸ்டர், அவன் நிக்கிறப்ப எனக்கு நெஞ்சு அடைக்குது, வாய்ல வந்த வார்த்தையை முழுங்கிட்டு நிக்கிறேன்" என்பார். அது அவருக்கு ஒரு உபவாசம் போலவே இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு பிள்ளைக்கும் பயிற்சி ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் உண்டான லிட்கோம் முறை என்று ஒன்று இருக்கிறது, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரே வீட்டில் செய்வது. சரளமாய் வந்த பேச்சை இயல்பாய்ப் பாராட்டுவதும், எப்போதாவது மெல்லச் சுட்டிக்காட்டுவதும் அதில் உண்டு. ஆனால் வாராவாரம் பயிற்சியாளர் பார்த்து வழிநடத்தினால்தான் செய்ய வேண்டும். இதை வாசித்துவிட்டு நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள்.

எப்போது போக வேண்டும்? ஆறு மாதம் தாண்டியும் திக்கல் நின்றால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், பிள்ளை கண்ணைச் சிமிட்டி முகம் கோணிச் சிரமப்பட்டால், பேசவே பயந்தால், நாள் கடத்தாமல் போங்கள். காசு இல்லையே என்று கலங்காதீர்கள். 2013 முதல் அரசாங்கத்தின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வைத்தியக் குழு வருகிறது. அவர்களிடம் பிள்ளையைக் காட்டுங்கள். மாவட்ட அளவில் இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மைசூரில் 1965-ல் தொடங்கின அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கிற தேசிய நிறுவனமும் இதற்கு உதவுகிறவை. மருந்துச் சீட்டு வாங்கினால் விசுவாசம் குறைந்துபோகும் என்று யாராவது சொன்னால், மோசேயைக் காட்டுங்கள். தன் நாவு ஒத்துழைக்காது என்று எண்பது வயதில் அவன் முறையிட்டபோது, வாயை உண்டாக்கினவர் யார் என்று தேவன் கேட்டார். கேட்டுவிட்டு, துணைக்கு ஒரு மனுஷனையும் கொடுத்தார். ஆரோனை ஏற்றுக்கொண்டதால் மோசேயின் ஊழியம் குறைந்துபோனதா?

சபையில் நாங்கள் மாற்றினது கொஞ்சந்தான். திக்குகிற பிள்ளை பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் அப்படியே. ஆகவே ஞாயிறு பள்ளியில் இப்போது எல்லாரும் சேர்ந்து வசனம் சொல்லுகிறார்கள். தனியே சொல்ல விரும்புகிறவன் கையைத் தூக்கலாம். பரிசு இரண்டுக்கும் ஒன்றுதான். எங்கள் ஞாயிறு பள்ளி அக்காமார் சிலர் "அப்போ மனப்பாடம் குறைஞ்சிடுமே" என்று சண்டைக்கு வந்தார்கள். குறையவில்லை.

அன்றைக்கு அந்தத் தாய்க்குச் சொல்லாத பதிலை, ஒரு மாதம் கழித்து நான் அந்தப் பையனிடமே போய்ச் சொன்னேன். அவன் முன் தரையில் உட்கார்ந்து, "உனக்குள்ள பேய் இல்லடா தம்பி. பாஸ்டர் தப்பாச் செஞ்சுட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு விளையாடப் போய்விட்டான்.

இப்போது அவனுக்குப் பதினாறு வயது. திக்கல் முழுதும் போகவில்லை. ஜெபிக்கிறோம், பயிற்சியும் நடக்கிறது. போன ஈஸ்டருக்குத் தானே கேட்டு வேதபாடம் வாசித்தான், மூன்று இடத்தில் நின்றது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ப" எழுத்துதான் அவனுக்கு இன்னும் கடினம். ஆராதனை முடிந்து என்னிடம் வந்து "ப... ப... பாஸ்டர்" என்று கூப்பிடுவான். நான் செருப்பை மாட்டாமல் நிற்பேன்.