நாய்க்கு வயிறு கெட்டா உங்க பட்ஜெட்டும் கெடும்!

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவில் வாடகை, இஎம்ஐ, மெடிக்கல்னு எல்லாத்துக்கும் கணக்கு போட்டோம். வீட்ல இருக்கிற நாலு கால் ஆளை மறந்துட்டோம். நாய் வளர்க்கிறவங்களுக்கு திடீர் செலவு பல தடவை அதோட வயித்துல இருந்துதான் வருது.

முதல்ல தடுப்பூசி. குட்டிக்கு 6-8 வாரத்தில் ஆரம்பிச்சு, 16 வாரம் ஆகும்வரை 3-4 வாரத்துக்கு ஒருமுறை போடணும். "குட்டி வெளியவே போறதில்லையே"ன்னு தள்ளிப்போடாதீங்க. பார்வோ வைரஸ் நம்ம செருப்பிலேயே வீட்டுக்குள்ள வரும். வந்துட்டா வாந்தி, ரத்தபேதி, நாள்கணக்கில் டிரிப்ஸ். அவ்வளவு செலவழிச்சும் குட்டி பிழைக்கும்னு உத்தரவாதம் இல்லை. பெட் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தாலும், ஊசி போடாம விட்டு வந்த நோய்க்கு நிறைய பாலிசிகள்ல கிளெய்ம் கிடைக்காது. பூச்சி மருந்தும் இதே கணக்குதான்.

அடுத்து சாப்பாடு. மாசக் கடைசியில காசு மிச்சம் பண்ண, ஒரே நாளில் விலை குறைஞ்ச பிராண்டுக்கு மாத்தினா பேதி வரலாம். கால் பங்கு, பாதி, முக்கால்னு 7-10 நாளில் மெதுவா மாத்துங்க. ஞாயித்துக்கிழமை மிச்ச பிரியாணி வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு உடைஞ்சு குடலைக் குத்தும். திராட்சை, சாக்லேட்டும் கூடாது.

வளர்ந்த நாய், ஒரு தடவை பேதி, ஆனா சுறுசுறுப்பா இருக்குன்னா பதற வேண்டாம். தண்ணி எப்பவும் இருக்கட்டும். ஓரிரு நாள் தோல் எடுத்த வேகவெச்ச சிக்கனும் சாதமும், உப்பு மசாலா இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. உங்க வீட்டு மாத்திரை டப்பாவை மட்டும் தொடாதீங்க. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டும் ஆபத்து.

மலத்தில் ரத்தம், குடிச்ச தண்ணியும் வாந்தியா வெளிய வருது, சோர்ந்து படுத்திருக்கு, இல்ல பாதிக்கப்பட்டது குட்டின்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்தும் எதுவும் வரலைன்னா நடுராத்திரியானாலும் கிளம்புங்க. குடல் இல்ல, இரைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். இங்க காசு பார்த்தா நாய் போயிடும்.

அதுக்குத்தான் மாசம் 500 ரூபாய் தனியா எடுத்து வைங்க, வருஷத்துக்கு 6,000. எஃப்டில பூட்டாதீங்க, சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே இருக்கட்டும். அரசு கால்நடை மருத்துவமனை, கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்துல இருந்தா அங்க செலவு ரொம்பக் குறைவு. ராத்திரி எந்த மருத்துவமனை திறந்திருக்கும்னு இன்னிக்கே விசாரிச்சு, நம்பரை போன்ல சேவ் பண்ணிடுங்க.